தஞ்சாவூரில் முதல் நாள்

தஞ்சாவூரின் ஒவ்வொரு நாளுக்கும் நடுவில் நீண்ட இடைவெளி ஒன்று உண்டு. நண்பகல் பன்னிரண்டரை மணியளவில் பெரிய கோயிலின் கருவறை நடை சாத்தப்படும். மாலை நான்கு மணிக்குத்தான் திறக்கும். காவிரி டெல்டாவில் மற்றக் கோயில்களும் ஏறக்குறைய அப்படியே. சித்திரை, வைகாசியில் அந்த நேரத்துப் பிரகாரக் கல்லில் வெறுங்காலோடு நிற்கவே முடியாது. வயலில் இறங்குபவர்கள் வெயில் ஏறுமுன் இறங்கி, உச்சிப்பொழுதுக்குள் கரையேறிவிடுவார்கள். இந்த ஊருக்குப் புதிதாக வருபவர் முதல் நாளுக்கு வகுக்கக்கூடிய நல்ல திட்டம், ஊர் விட்டிருக்கும் இந்த இடைவெளியைத் தன் நாளிலும் அப்படியே விட்டுவைப்பதுதான். காலையில் ஒரு சுற்று, மாலையில் ஒரு சுற்று, நடுவில் இலைச் சாப்பாடும் ஒரு தூக்கமும்.

பெரும்பாலான பயணத் திட்டங்கள் இதற்கு நேர்மாறாக இருக்கின்றன. காலையில் பெரிய கோயில், பதினோரு மணிக்குள் தாராசுரம், மதியம் கும்பகோணம், மாலை கங்கைகொண்ட சோழபுரம் என்று ஒரே நாளில் அடுக்கிவிடுகிறார்கள். தாராசுரம் தஞ்சாவூரிலிருந்து ஏறத்தாழ 35 கிலோமீட்டர். கங்கைகொண்ட சோழபுரம் 70 கிலோமீட்டர். தூரம் பெரிதில்லை என்பது உண்மை. ஆனால் யுனெஸ்கோ 1987-இல் பெரிய கோயிலை உலக மரபுச் சின்னமாக அறிவித்து, 2004-இல் மற்ற இரண்டையும் அதோடு சேர்த்தது, மூன்றும் தனித்தனியே பார்க்கத் தகுந்தவை என்பதால்தான். முதலாம் இராசராசன் கட்டியது, அவன் மகன் இராசேந்திரன் கட்டியது, அதற்கு ஒரு நூற்றாண்டுக்கும் மேல் கழித்து இரண்டாம் இராசராசன் கட்டியது என்று மூன்றுக்கும் மூன்று குணம். ஒரே பகலில் ஓடிப் பார்த்தால் மூன்று விமானங்களும் நினைவில் ஒன்றாகக் குழம்பிப்போகும். வயதானவர்களும் குழந்தைகளும் உடன் வந்தால் நிலைமை இன்னும் மோசம். முதல் நாள் முழுவதும் தஞ்சாவூருக்குள்ளேயே கழியட்டும். மற்ற ஊர்கள் மறுநாளைக்குக் காத்திருக்கும்.

எந்த மாதத்தில் போவது என்பது வெயிலை மட்டும் பொறுத்த கேள்வி அல்ல. இந்த ஊரின் முகத்தை மாற்றுவது தண்ணீர். 1934-இல் கட்டி முடிக்கப்பட்ட மேட்டூர் அணையை ஆண்டுதோறும் ஜூன் 12-ஆம் தேதி பாசனத்துக்குத் திறப்பது வழக்கம். அணையில் இருப்பு இல்லாத ஆண்டுகளில் அது தள்ளிப்போகும். திறந்த தண்ணீர் சில நாட்களில் முக்கொம்பைக் கடந்து கல்லணைக்கு வரும். கரிகாலன் பெயரோடு வழங்கும் அந்தப் பழைய அணையில்தான் காவிரி பிரிகிறது. காவிரி ஒரு பக்கம், வெண்ணாறு ஒரு பக்கம், வெள்ளம் மிஞ்சினால் கொள்ளிடம், இவற்றோடு 1934-இல் பாசனத்துக்கு வந்த கல்லணைக் கால்வாய். இந்தக் கால்வாயை ஊர் மக்கள் இன்றும் ‘புது ஆறு’ என்றே சொல்கிறார்கள். தஞ்சாவூர் நகரத்துக்குள் புகுந்து, பெரிய கோயிலுக்கு அருகிலேயே ஓடுவது அதுதான். ஆறு என்று நினைத்துப் படம் எடுப்பவர்கள் உண்மையில் நிற்பது இருபதாம் நூற்றாண்டில் வெட்டிய கால்வாயின் கரையில்.

தண்ணீர் வந்ததும் குறுவை நடவு தொடங்கும். ஆவணி, புரட்டாசியில் குறுவை அறுவடையாகும். ஆகஸ்டில் தொடங்கும் சம்பா, தை மாதத்தில் கதிர் முற்றிச் சாயும். குறுவை அறுத்த வயலிலேயே மறுபடி நடுவது தாளடி. ஆகவே ஜூலை முதல் பிப்ரவரி வரை ஏதாவது ஒரு பச்சை கண்ணில் பட்டுக்கொண்டே இருக்கும். ஐப்பசி, கார்த்திகையில் அடைமழைக்கு இடம் விட வேண்டும். மற்றபடி மார்கழி, தை இரண்டும் ஊரைப் பார்க்க மிக நல்ல மாதங்கள். காலையில் பனி, மாலையில் இதமான வெயில், பக்கத்து ஊர்களில் அறுவடை. பங்குனிக்குப் பிறகு வந்தால் ஆறு மணலாகக் கிடக்கும். கோயிலும் அரண்மனையும் அப்போதும் இருக்கத்தான் செய்யும். ஆனால் இவ்வளவு பெரிய கோயிலை எழுப்பிய செல்வம் எங்கிருந்து வந்தது என்பதை அந்த மாதங்களில் கண்ணால் பார்க்க முடியாது.

ஊருக்குள் நுழைய நல்ல வழி ரயில். அதிலும் சென்னையிலிருந்து வருபவர்களுக்கு இரவு ரயில். எழும்பூரில் இரவு ஏறினால் விடியற்காலையில் தஞ்சாவூரில் இறக்கிவிடும் ரயிலுக்கு உழவன் எக்ஸ்பிரஸ் என்று பெயர். டெல்டாவுக்கு ஓடும் ரயிலுக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் வைக்க முடியாது. பழைய மெயின் லைன் வழியாக, சிதம்பரம், மயிலாடுதுறை, கும்பகோணம் என்று ஆற்றைத் தொடர்ந்தே அது வருகிறது. பகலில் வருபவர்களுக்கு அதே பாதையில் சோழன் எக்ஸ்பிரஸ் இருக்கிறது. பகல் பயணத்தில் மயிலாடுதுறை தாண்டியதும் ஜன்னலோரத்தை விடாமல் பிடித்துக்கொள்ள வேண்டும். குத்தாலம், பிறகு ஆடுதுறை. 1922-இல் நெல் ஆராய்ச்சி நிலையம் தொடங்கப்பட்ட ஊர் அது. தமிழ்நாட்டு உழவர்கள் ‘ஏடிடி’ என்று எண்ணோடு சேர்த்துச் சொல்லும் நெல் ரகங்கள் எல்லாம் அந்த ஊரின் பெயரைச் சுமப்பவைதான். கும்பகோணம், பாபநாசம் கடந்தால் தஞ்சாவூர். வழியெங்கும் வயல், வாய்க்கால், மூங்கில் கொத்து, மறுபடி வயல். நடவுக் காலமானால் சேறு கலக்கிய தண்ணீரில் நாற்று முடிகள் இடைவெளி விட்டு வீசப்பட்டிருக்கும். வரிசையாகக் குனிந்த பெண்கள் ஒவ்வோர் அடியாகப் பின்னால் நகர்ந்தபடி நட்டுக்கொண்டே போவார்கள். அவர்கள் விட்டுச்செல்லும் பச்சை வரிசை முன்னால் நீண்டுகொண்டே வரும்.

விமானத்தில் வருபவர்கள் திருச்சியில் இறங்கி ஏறத்தாழ 60 கிலோமீட்டர் சாலை வழி வர வேண்டும். பேருந்தில் வருபவர்கள் ஒரு விஷயத்தை முன்கூட்டித் தெரிந்துகொள்வது நல்லது. தஞ்சாவூருக்கு இரண்டு பேருந்து நிலையங்கள். வெளியூர்ப் பேருந்துகள் பெரும்பாலும் நிற்கும் புதிய பேருந்து நிலையம் ஊருக்கு வெளியே சில கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. பழைய பேருந்து நிலையம் ஊருக்கு நடுவில், கோயிலுக்கும் அரண்மனைக்கும் நடந்தே போகக்கூடிய தொலைவில் இருக்கிறது. இரண்டுக்கும் இடையே டவுன் பஸ்கள் ஓடிக்கொண்டே இருக்கும். இதைக் கவனிக்காமல் புதிய நிலையத்துக்குப் பக்கத்தில் அறை எடுத்துவிட்டால், மதியத் தூக்கத்துக்கு ஒவ்வொரு முறையும் ஆட்டோ ஏற வேண்டிவரும். ரயில் நிலையத்திலிருந்து பழைய பேருந்து நிலையத்தை நோக்கிப் போகும் காந்திஜி சாலையிலும் அதன் சுற்றுப்புறத்திலும் எல்லா வசதிக்கும் ஏற்ற விடுதிகள் உண்டு. முதல் நாள் திட்டத்தின் வெற்றி பாதிக்கு மேல் இந்த ஒரு முடிவில் இருக்கிறது. அறை நடந்து திரும்பும் தூரத்தில் இருந்தால் நாள் தானாகவே நிதானப்படும்.

விடிகாலையில் வந்து இறங்குபவர்கள் அறையின் கணக்கையும் கேட்டுக்கொள்ள வேண்டும். சில விடுதிகளில் நுழைந்த நேரத்திலிருந்து 24 மணி நேரம். சிலவற்றில் நண்பகலிலிருந்து மறு நண்பகல் வரை. முதல் வகை அமைந்தால் காலை ஆறு மணிக்கே குளித்து முடித்துவிடலாம். பிறகு ஒரு டம்ளர் காபி. பித்தளை டபராவில் ஊற்றித் தரும் காபியை ஆற்றி ஆற்றிக் குடித்து முடிப்பதற்குள் தெரு விழித்துவிடும். கோயில் வாசல்களில் பூக்காரர்கள் கடை போட்டுவிடுவார்கள். மரிக்கொழுந்தும் பல நிறப் பூக்களும் இடையிடையே வைத்து நெருக்கமாகத் தொடுத்த தஞ்சாவூர்க் கதம்பம் அப்போதுதான் கூடையிலிருந்து வெளியே வரும்.

காலை முதல் சுற்று பெரிய கோயிலுக்கு. இதில் ஓர் ஒழுங்கு நன்மை தரும்: காலையில் கால்களால் பார்ப்பது, மாலையில் உட்கார்ந்து பார்ப்பது. கோயில் கிழக்கு நோக்கியது. அகழியைக் கடந்து மராட்டியர் கால வாயிலுக்குள் நுழைந்தால், கேரளாந்தகன் திருவாயில், அடுத்து இராசராசன் திருவாயில். காலை வெயில் விமானத்தின் முன்பக்கத்தில் நேராக விழும் நேரம் அது. கல் இன்னும் சூடேறியிருக்காது. வழிகாட்டி, புத்தகம் எதுவும் இல்லாமல் ஒரு முறை முழுதாக வலம் வருவதே முதல் சுற்றுக்குப் போதும்.

இராசராசன் தன் 25-ஆம் ஆட்சியாண்டில், 1010-இல், விமானத்தின் உச்சியில் வைக்கச் செப்புக் குடம் கொடுத்தான் என்பது கல்வெட்டுச் செய்தி. அந்த விமானம் 13 நிலைகளோடு ஏறத்தாழ 216 அடி உயர்ந்து நிற்கிறது. சுற்றிலும் வண்டல் மண். கருங்கல் மலை எதுவும் அருகில் இல்லை. ஒவ்வொரு கல்லும் வெளியிலிருந்து வந்தது. கட்டிய பெருந்தச்சனின் பெயரும் கல்வெட்டில் இருக்கிறது: குஞ்சரமல்லனான இராசராசப் பெருந்தச்சன். உச்சியில் இருப்பது 80 டன் எடையுள்ள ஒரே கல் என்றும், விமானத்தின் நிழல் தரையில் விழாது என்றும் வருகிறவர்களுக்குச் சொல்லப்படுவதுண்டு. சிகரம் பல கற்களை இணைத்துச் செய்ததுதான் என்று ஆய்வாளர்கள் காட்டியிருக்கிறார்கள். நிழல் விழுவதை மாலையில் எவரும் பார்க்கலாம். இந்தக் கதைகள் இல்லாமலே கோயில் போதிய அளவு வியப்பானது.

உண்மையான வியப்பு அதிட்டானத்தில், கண் மட்டத்துக்கும் கீழே இருக்கிறது. கட்டடத்தின் அடிப்பகுதியைச் சுற்றி வரி வரியாக எழுத்துகள். ட, ப, ம போன்ற சில எழுத்துகள் இன்றைய வடிவத்துக்கு நெருங்கியவை, புள்ளி கிடையாது, சொல்லுக்குச் சொல் இடைவெளி கிடையாது. கொஞ்ச நேரம் ஒரே வரியில் கண்ணை ஓட்டினால் ஒன்றிரண்டு சொற்கள் பிடிபடும். அப்படிப் பிடிபடும் சொல் பலமுறை நெல்லாக இருக்கும். மன்னனும் அவன் தமக்கை குந்தவையும் தேவியரும் கொடுத்தவை, மற்றவர்கள் கொடுத்தவை என்று கொடைகளின் கணக்குதான் அந்தச் சுவர் முழுக்க. கோயிலில் ஆடிய தளிச்சேரிப் பெண்டுகள் நானூறு பேரின் பெயர், எந்தத் தெருவில் எத்தனையாவது வீடு என்பது வரை எழுதப்பட்டிருக்கிறது. ஒருவருக்கு ஒரு பங்கு, ஒரு பங்குக்கு ஆண்டுக்கு நூறு கலம் நெல். திருப்பதியம் பாட 48 பேர், உடன் வாசிக்க இருவர், ஒவ்வொருவருக்கும் நாளொன்றுக்கு முக்குறுணி நெல். ஒரு நந்தா விளக்குக்கு 96 ஆடுகள். அதற்கு ஈடாக நாளும் ஓர் உழக்கு நெய். அளக்கும் மரக்காலுக்கும் இறைவன் பெயர்: ஆடவல்லான். ரயில் ஜன்னலில் கண்ட வயல்கள் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் இந்தக் கோயிலுக்குள் எப்படி வந்து சேர்ந்தன என்பது இந்த வரிகளில் இருக்கிறது. கல்வெட்டைப் படிக்கத் தெரியாதவர்கூட இந்தக் கணக்கு ஒன்றைத் தெரிந்துகொண்டு அதன்முன் நின்றால் போதும்.

ஒரே கல்லில் செதுக்கிய பெரிய நந்தி சோழர் காலத்தது அல்ல, நாயக்கர் காலத்தது. அம்மன் சன்னதி பாண்டியர் காலத்தது. வடமேற்கு மூலையில் இருக்கும் சுப்பிரமணியர் கோயில் நாயக்கர் காலச் சிற்பிகளின் நுணுக்கத்துக்கு நல்ல சான்று. மரத்தில் செதுக்கியதுபோல் கல்லில் செதுக்கியிருக்கிறார்கள். போன்சலே மரபின் வரலாற்றை இரண்டாம் சரபோஜி 1803-இல் மராத்தியில் பொறித்து வைத்திருப்பதும் இதே வளாகத்தில்தான். ஒவ்வொரு மரபும் முந்தையதை இடிக்காமல் பக்கத்தில் தன்னுடையதைச் சேர்த்துவிட்டுப் போயிருக்கிறது. கருவறையைச் சுற்றியுள்ள உள்சுற்றில் சோழர் ஓவியங்கள் இருக்கின்றன, நாயக்கர் காலப் பூச்சுக்கு அடியில் அவற்றை 1931-இல் எஸ். கே. கோவிந்தசாமி கண்டறிந்தார். அந்தச் சுற்று பொதுமக்களுக்குத் திறந்திருப்பதில்லை. கேட்டு அலைந்து மனம் சோர வேண்டாம்.

ஒன்பது மணிக்குள் வெளியே வந்துவிடலாம். காலைச் சிற்றுண்டிக்கு இட்லியோடு கடப்பா கிடைத்தால் விடக்கூடாது. பாசிப்பருப்பும் உருளைக்கிழங்கும் தேங்காய் அரைத்துவிட்டுச் செய்யும் அந்தக் குழம்பு தஞ்சாவூர், கும்பகோணம் பக்கத்தில் பிறந்தது. சில கடைகளில் குறிப்பிட்ட கிழமைகளில் மட்டுமே போடுவார்கள்.

காலையின் மிச்சம் அரண்மனைக்கு. நாயக்கர்கள் தொடங்கி, பதினேழாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து மராட்டியர் விரித்துக் கட்டிய வளாகம் அது. 1855-இல் அந்த அரசு முடிவுக்கு வந்தது. தர்பார் மண்டபம், கோபுரங்கள், கலைக்கூடம், சரசுவதி மகால் நூலகம் என்று பல பகுதிகள். எல்லாவற்றையும் பார்ப்பது முதல் நாளுக்கு வேண்டாத சுமை. கலைக்கூடம் ஒன்று, நூலகத்தின் காட்சிக்கூடம் ஒன்று, இரண்டுமே போதும்.

கலைக்கூடம் 1951-இல் அமைக்கப்பட்டது. அங்கே ஒரு செப்புத் திருமேனிக்கு முன்னால் மட்டும் கால் மணி நேரம் நிற்கலாம். திருவெண்காட்டு மண்ணுக்கடியிலிருந்து கிடைத்த இடபவாகன தேவர். 1011-ஆம் ஆண்டைச் சேர்ந்தது, அதாவது பெரிய கோயிலின் குடம் ஏறிய மறு ஆண்டு. ஒரு காலை ஊன்றி, மற்றக் காலை அதன் குறுக்கே இலேசாக வைத்து நிற்கிறார் சிவன். சடை தலைப்பாகை போலச் சுற்றிக் கட்டப்பட்டிருக்கிறது. சுற்றுகளுக்கு நடுவே பாம்பு. ஒரு கை மடங்கி, எதன் மேலோ சாய்ந்திருப்பதுபோல் காற்றில் நிற்கிறது. அந்தக் கை சாய்ந்திருந்த காளை இப்போது இல்லை. ஆனால் முழங்கை வளைவையும் இடுப்பின் சாய்வையும் விரல்களின் தளர்வையும் பார்த்தால், காளையின் உயரம் எவ்வளவு, அதன் முதுகு எங்கே இருந்திருக்கும் என்பது தெரிந்துவிடும். அருகில் உமை. மெழுகு அச்சில் வார்த்த உலோகத்தில் இவ்வளவு இளைப்பாறலைக் கொண்டுவந்த சிற்பியின் கை எத்தகையது என்று எண்ணிப் பார்க்க இந்தக் கால் மணி நேரம் வேண்டும். ஐம்பது சிலைகளை அவசரமாகப் பார்ப்பதைவிட இது மேல்.

சரசுவதி மகால், நாயக்கர் காலத்து ஏட்டுத் தொகுப்பிலிருந்து வளர்ந்தது. அதை உலகறியச் செய்தவர் 1798 முதல் 1832 வரை அரியணையில் இருந்த இரண்டாம் சரபோஜி. ஆட்சி நிர்வாகம் ஆங்கிலேயர் கைக்குப் போய்விட்ட நிலையில், தனக்கு மிஞ்சிய வாழ்நாளைப் படிப்புக்குச் செலவிட்டவர் அவர். காசிக்குப் போனபோதும் சுவடிகளைச் சேகரித்துக்கொண்டு திரும்பினார். கண் நோயாளிகளின் குறிப்புகளைப் படங்களோடு எழுதிவைக்கச் செய்தார். 1805-இல் தேவநாகரி அச்சுக்கூடம் நிறுவினார். நூலகம் 1918 முதல் பொதுநூலகமாக இருக்கிறது. பனையோலை ஏடுகளைப் பார்க்காதவர்கள் காட்சிக்கூடத்தில் முதன்முதலாகப் பார்க்கலாம்: விரலளவு அகலத்தில் ஓலை, அதில் மணலைத் தூவியதுபோல் நுண்ணிய எழுத்து. விடுமுறை நாளை விடுதியிலேயே விசாரித்துவிட்டுப் போவது நல்லது.

பிறகு சாப்பாடு. டெல்டாவில் வாழை இலைக்குப் பஞ்சமில்லை. சோறு இங்கே மற்ற எல்லாவற்றுக்கும் முன்னால் வைத்து எண்ணப்படும் பண்டம். சாம்பார், ரசம், மோர் என்று மூன்று முறை சோறு கேட்டு வாங்குவதே முறை. சாம்பாரே தஞ்சை மராட்டிய அரண்மனை அடுப்பில் பிறந்தது என்பது இந்த ஊர்க்காரர்கள் விரும்பிச் சொல்லும் கதை. சான்று இருக்கிறதோ இல்லையோ, சொல்பவர் முகத்தில் தெரியும் பெருமை உண்மையானது. கத்தரிக்காய் ரசவாங்கி கிடைத்தால் அது தனி. சாப்பிட்டு முடித்ததும் கும்பகோணம் வெற்றிலை. அதன்பின் அறைக்குத் திரும்பித் தூங்கிவிட வேண்டும். பயணத்தில் பகல் தூக்கத்தை வீண் என்று நினைப்பவர்கள் ஒன்றை எண்ணிப் பார்க்கலாம்: நடை சாத்திய கோயிலுக்கு வெளியே வெயிலில் காத்திருப்பதுதான் வீண்.

நான்கு மணிக்கு மேல் மாலைச் சுற்று. இதற்கு இரண்டு வழிகள் உண்டு. ஆற்றில் தண்ணீர் ஓடுகிறதா என்பதைப் பொறுத்து ஒன்றைத் தேர்ந்துகொள்ளலாம்.

தண்ணீர் ஓடும் மாதமானால் திருவையாறு. பழைய பேருந்து நிலையத்திலிருந்து டவுன் பஸ் போகும். பன்னிரண்டு கிலோமீட்டர் அளவு. பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து பாலங்களை எண்ண வேண்டும். கரந்தையில் வடவாறு. 1911-இல் தமிழ்ச் சங்கம் தொடங்கிய கரந்தை அதுதான். பள்ளியக்ரகாரத்தில் வெண்ணாறு. பிறகு வெட்டாறு. கண்டியூர் அருகே குடமுருட்டி. கடைசியில் காவிரி. அரை மணிப் பயணத்துக்குள் ஐந்து ஆறுகள். பள்ளிக்கூடப் பாடத்தில் டெல்டா என்பதற்கு விசிறி போன்ற ஒரு படம் போட்டிருப்பார்கள். அந்த விசிறியின் மடிப்புகளைக் குறுக்கே கடந்து போகும் அனுபவம் இது. திருவையாறு என்ற பெயருக்கு ஊர்க்காரர்கள் சொல்லும் விளக்கத்தைப் பஸ் சீட்டின் விலையில் நேரே பார்த்துவிடலாம்.

காவிரியின் வடகரையில் ஐயாறப்பர் கோயில். கரையோரம் தியாகராசரின் சமாதி. 1767-இல் திருவாரூரில் பிறந்து, வாழ்நாளின் பெரும்பகுதியை இந்த ஊரில் கழித்து, 1847-இல் இங்கேயே மறைந்தவர் அவர். சமாதிக்குக் கோயில் எழுப்பியவர் பெங்களூர் நாகரத்தினம்மாள். தன் சொத்தைச் செலவிட்டு இடத்தை வாங்கிக் கட்டினார். 1925-இல் குடமுழுக்கு நடந்தது. பெண்கள் பாட இடம் தராத ஆராதனையில் பெண்களுக்கு இடம் வாங்கிக் கொடுத்ததும் அவர்தான். ஆண்டுதோறும் தை மாதத்தை ஒட்டி ஆராதனை நடக்கும் நாட்களில் இந்தக் கரையில் கால் வைக்க இடமிருக்காது. மற்ற நாட்களில் படித்துறை காலியாகவே இருக்கும். கடைசிப் படியில் உட்கார்ந்து காலைத் தண்ணீரில் வைத்தால், மேட்டூரிலிருந்து வந்த தண்ணீர் காலைத் தொட்டுவிட்டுப் பூம்புகாரை நோக்கிப் போகும். இழுப்பு இருக்கும் நாட்களில் படிக்கு அப்பால் இறங்கக் கூடாது. காவிரியின் மேற்பரப்பு அமைதியாகத் தெரியும், அடியில் அப்படி இருக்காது. குழந்தைகளோடு வருபவர்கள் இதில் கொஞ்சமும் அசட்டையாக இருக்க வேண்டாம். திரும்பும்முன் கடைத்தெருவில் அசோகா அல்வா. பாசிப்பருப்பை வேகவைத்து மசித்து, கோதுமை மாவும் சர்க்கரையும் நெய்யும் சேர்த்துக் கிண்டி, இலைத் துண்டில் சூடாகத் தருவார்கள். இந்த ஊரில் சாப்பிட்ட பிறகு மற்ற ஊர் அசோகா பிடிப்பது கஷ்டம்.

ஆறு மணலாகக் கிடக்கும் மாதமானால், அல்லது பஸ் ஏற மனமில்லை என்றால், மறுபடி பெரிய கோயில். இது குறைந்த தேர்வு இல்லை. முதல் நாளுக்கு இதுவே சிறந்தது என்றுகூடச் சொல்லலாம். காலையில் பார்த்தது கிழக்கு முகம். மாலையில் வெயில் மேற்கு முகத்தில் விழும். ஆகவே முன்பக்கம் நிற்காமல் விமானத்தைத் தாண்டிப் பின்பக்கம் போக வேண்டும். அங்கே சோழர் தளபதி கிருஷ்ணன் இராமன் எடுப்பித்த திருச்சுற்று மாளிகை இருக்கிறது. அதை ஒட்டி உட்கார இடம் பார்த்துக்கொண்டால் போதும். ஐந்து மணிக்குக் கல் வெளிர் பழுப்பாக இருக்கும். ஐந்தரைக்குத் தேன் நிறம். சூரியன் இறங்க இறங்க மாளிகையின் நிழல் விமானத்தின் அடியில் தொடங்கி மேலே ஏறும். நிலை நிலையாக வெளிச்சம் உச்சிக்கு ஒதுங்கும். கடைசியாக வெயில் விலகுவது குடத்திலிருந்து. அந்த நேரத்தில் பிரகாரத்தில் வெளியூர்க்காரர்களைவிட ஊர்க்காரர்களே அதிகம். குழந்தைகள் ஓடும், முதியவர்கள் கால் நீட்டி உட்கார்ந்திருப்பார்கள், கல்லூரிப் பிள்ளைகள் வட்டமாக உட்கார்ந்து பேசிக்கொண்டிருப்பார்கள். ஆயிரம் ஆண்டுக் கோயில் ஊரின் திண்ணையாக இருப்பதை இந்த வேளையில்தான் பார்க்க முடியும். பிரதோஷ நாளானால் மாலையில் நந்திக்கு அபிஷேகம் நடக்கும், கூட்டம் நெருக்கும்; அமைதியை விரும்புபவர்கள் காலண்டரைப் பார்த்துக்கொண்டு வரட்டும், திருவிழாவை விரும்புபவர்களும் அதையே செய்யட்டும்.

இரவுச் சிற்றுண்டிக்கு முன் கடைவீதியில் ஒரு நடை. முதல் நாளிலேயே நிறைய வாங்க வேண்டாம். தங்க இழை ஒட்டிய ஓவியங்கள், பித்தளைத் தட்டில் வெள்ளித் தகடு பதித்த தஞ்சாவூர்த் தட்டு, பலா மரத்தில் குடைந்த வீணை எல்லாம் நிதானமாகப் பார்த்து, விலை விசாரித்து, மறுநாள் வாங்க வேண்டியவை. அரசின் பூம்புகார் விற்பனை நிலையத்தில் முதலில் விலையைப் பார்த்துக்கொண்டால் மற்ற கடைகளில் பேச வசதியாக இருக்கும். முதல் நாளைக்கு ஒரு தலையாட்டி பொம்மை போதும். வாங்குமுன் அதை மேசையில் வைத்து விரலால் ஒரு முறை சாய்த்துப் பார்க்க வேண்டும். அடிப்பகுதி அரைக்கோளமாக, களிமண் கனத்தோடு இருக்கும். மேற்பகுதி காகிதக்கூழில் இலேசாக இருக்கும். நன்றாகச் செய்த பொம்மை தரையைத் தொடும்வரை சாய்ந்து, இரண்டு பக்கமும் ஆடி, நேராக வந்து நிற்கும். நடனப் பெண் பொம்மையானால் பாவாடை, உடல், தலை எல்லாம் தனித்தனித் துண்டுகள், ஒன்றன்மேல் ஒன்றாகக் கம்பி முனையில் நிற்பவை. தலை ஒரு பக்கம் ஆட, இடுப்பு இன்னொரு பக்கம் ஆடும். துண்டுகளைத் தனித்தனியே காகிதத்தில் சுற்றித் தரச் சொல்ல வேண்டும்.

மறுநாள் தாராசுரமோ கல்லணையோ கங்கைகொண்ட சோழபுரமோ எதுவாக இருந்தாலும் அதை இரவில் முடிவு செய்தால் போதும். பெரிய கோயிலின் நடை இரவு எட்டரை மணியளவில் சாத்தப்படும்; மறுநாள் காலை ஆறு மணிக்குத் திறக்கும்.